உடைத்துக் காட்டும் ஆய்வும் ஒப்புதலும்

கணினிப் பாதுகாப்புத் துறையில் பிறர் கட்டியதை உடைத்துக் காட்டுவதே ஆய்வின் பாதி. ஓர் அமைப்பு பாதுகாப்பானது என்று கணக்குப் போட்டு நிறுவ முடிவது அரிது. திறமையானவர்கள் தாக்கிப் பார்த்தார்கள், இதுவரை தாங்கியது என்றுதான் பெரும்பாலும் சொல்ல முடியும். அதனால் தாக்கும் வழியைக் கண்டுபிடிப்பதும் அதைக் கட்டுரையாக வெளியிடுவதும் பல்கலைக்கழகங்களில் மதிப்புள்ள வேலைகள். அந்தக் கட்டுரையைத் திருடனும் படிப்பான். தீங்குக்கு உதவக்கூடும் என்று தெரிந்தே ஓர் அறிவை வெளியிடுவது அறமாகுமா?

கேள்வி கணினியைவிடப் பழையது. 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சியின்போது ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு வல்லுநர், யாராலும் திறக்க முடியாது என்று பெயர் வாங்கியிருந்த சப் நிறுவனப் பூட்டைத் திறந்தார். பிறகு, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று பிராமா நிறுவனம் கடை ஜன்னலில் வைத்திருந்த பூட்டையும் திறந்தார். அதற்கு 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் பிடித்தது. பூட்டின் குறையை ஊரறியப் பேசுவது திருடருக்குப் பாடம் நடத்துவது என்று கண்டனம் எழுந்தது. திருடர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும், தெரியாமல் இருப்பது பூட்டு வாங்குபவருக்குத்தான் என்பது ஹாப்ஸ் தரப்பின் பதில். 1883-இல் ஆகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் ராணுவ ரகசிய எழுத்துமுறைகள் பற்றி எழுதியபோது இதே எண்ணம் ஒரு விதியாக உருப்பெற்றது: முறை முழுவதும் எதிரி கையில் சிக்கினாலும், சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் பாதுகாப்பு குலையக் கூடாது. இன்றைய மறையாக்கவியல் இந்த விதியின் மேல்தான் நிற்கிறது.

ஆனாலும் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. 2008-இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பயண அட்டைகளிலும் அலுவலக நுழைவு அட்டைகளிலும் பரவலாக இருந்த மைஃபேர் கிளாசிக் சிப்பின் ரகசிய முறையை உடைத்தார்கள். கட்டுரையைத் தடுக்கக் கோரி அதைத் தயாரித்த என்எக்ஸ்பி நிறுவனம் ஆர்ன்ஹெம் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் மறுத்தது. இழப்பு வருமானால் அது குறையுள்ள சிப்பை விற்றதால் வருவது, குறையைச் சொன்னதால் அல்ல என்பது தீர்ப்பின் சாரம். 2013-இல் அதே பல்கலைக்கழகத்தவரும் பிரிட்டனின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தவரும் கார்த் திருட்டைத் தடுக்கும் மெகாமாஸ் சிப்பை உடைத்தபோது, வோக்ஸ்வாகன் தரப்பின் கோரிக்கையை ஏற்று லண்டன் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. லட்சக்கணக்கான கார்களின் பாதுகாப்பு கல்விச் சுதந்திரத்தைவிடக் கனமானதாக நீதிபதிக்குப் பட்டது. ஆய்வாளர்கள் எந்த மென்பொருளிலிருந்து அந்த முறையை எடுத்தார்களோ அது இணையத்தில் காசு கொடுத்தால் கிடைத்துக்கொண்டிருந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2015-இல் கட்டுரை வெளிவந்தது, ஒரே ஒரு வாக்கியம் நீக்கப்பட்டு.

ஆர்ன்ஹெம் வாதம் வலுவானது, ஆனால் முழுமையானதல்ல. குறை உற்பத்தியாளருடையது; காரை இழப்பவர் வேறொருவர். இந்த இடைவெளியை நிரப்பத்தான், முதலில் தயாரிப்பாளருக்குத் தெரிவித்துத் திருத்த அவகாசம் கொடுத்த பிறகு வெளியிடும் வழக்கம் உருவானது. கூகுளின் ப்ராஜெக்ட் ஸீரோ குழு 90 நாள் தருகிறது. கார்களில் ஏற்கெனவே பொருத்திவிட்ட சிப்பை 90 நாளில் மாற்ற முடியாது என்பது வேறு விஷயம்.

வெளியிடுபவரின் பொறுப்பை எடைபோட, தற்காப்புக்காகக் கொல்லலாமா என்று தாமஸ் அக்வினாஸ் 13-ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்ததிலிருந்து வளர்ந்த இரட்டை விளைவுக் கோட்பாடு உதவும். ஒரு செயலால் நன்மையும் தீமையும் சேர்ந்தே விளையலாம். செய்பவர் தீமையை விரும்பாமலும், அந்தத் தீமையையே நன்மைக்கு வழியாகக் கொள்ளாமலும், தீமையின் அளவு நன்மையை மிஞ்சாமலும் இருந்தால் அச்செயல் ஏற்கத்தக்கது என்கிறது அது. இந்தச் சோதனையில் ஓட்டையைக் காட்டுபவர் தேறிவிடுகிறார். ஒருவர்கூட அந்த ஓட்டை வழியாகத் திருடாவிட்டாலும் அவருடைய நோக்கம் நிறைவேறும். திருட்டு அவர் ஆய்வுக்குத் தேவையே இல்லை.

மனிதரின் அறியாமையையே கருவியாக்கும் ஆய்வு இதே சோதனையில் தடுக்கி விழுகிறது. 2015-இல் சிக்காம் என்ற கணினி வலையமைப்பு மாநாட்டில் வெளியான என்கோர் ஆய்வு நல்ல உதாரணம். எந்தெந்த நாட்டில் எந்தெந்தத் தளம் முடக்கப்பட்டிருக்கிறது என்று அளப்பது அதன் நோக்கம். சாதாரண வலைப்பக்கம் ஒன்றைத் திறப்பவரின் உலாவி, அவருக்கே தெரியாமல், முடக்கப்பட்டிருக்கக்கூடிய தளத்தையும் தொட்டுப் பார்த்துத் திரும்பும். தணிக்கை கடுமையான நாட்டில் அந்தத் தொடுகை யாருடைய கணக்கில் பதிவாகும் என்று கேட்டால் போதும், சிக்கல் புரிந்துவிடும். ஒப்புதல் கேட்டால் ஆபத்து கூடவே செய்யும், தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பும் வழியும் அடைபடும் என்று ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். சாமர்த்தியமான வாதம்தான், ஆனால் கேட்க முடியாத நிலைமை, கேட்காமல் செய்வதற்கு உரிமை தந்துவிடாது. மாநாட்டுக் குழு கட்டுரையை ஏற்றது, அறம் குறித்த தன் கவலையை அதன் தலைப்பகுதியிலேயே அச்சிட்டு.

மினசோட்டா பல்கலைக்கழக விவகாரம் இன்னும் தெளிவானது. 2020-இல் அதன் ஆய்வாளர்கள் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்கு வேண்டுமென்றே பிழை பொதிந்த திருத்தங்களைப் புனைபெயரில் அனுப்பி, பரிசீலிப்பவர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்த்தார்கள். பிழை கெர்னலுக்குள் போய்ச் சேராமல் பார்த்துக்கொண்டதாக அவர்கள் சொன்னார்கள். ஆனால் சோதிக்கப்பட்டது மென்பொருள் அல்ல, அதைப் பராமரிப்பவர்களின் கவனமும் நல்லெண்ணமும். ஏமாற்றுதல் இங்கே பக்க விளைவு அல்ல. அதை எடுத்துவிட்டால் ஆய்வே கிடையாது. 2021 ஏப்ரலில் கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் அப்பல்கலைக்கழகத்தின் பங்களிப்புகளை நிறுத்திவைத்தார். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்று கான்ட் 1785-இல் வகுத்த கட்டளைக்கு இதைவிட நேரான மீறல் இத்துறையில் அதிகம் இல்லை.

இரண்டு ஆய்வுகளையும் நிறுவன நெறிமுறைக் குழுக்கள் தடுக்கவில்லை, மனிதரை உட்படுத்தும் ஆய்வாக அவை கருதப்படாததால். அந்தக் குழுக்களின் பார்வை மருத்துவத்திலிருந்து வந்தது. 1932 முதல் 1972 வரை டஸ்கிகீயில் கறுப்பின ஆண்களுக்குச் சிஃபிலிஸ் சிகிச்சை தராமல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை வேடிக்கை பார்த்த கொடுமை வெளிப்பட்ட பின், 1979-இல் பெல்மான்ட் அறிக்கை மனித மதிப்பு, நலம் பேணல், நீதி என்ற மூன்று நெறிகளை வைத்தது. 2012-இல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட மென்லோ அறிக்கை அவற்றைக் கணினி ஆய்வுக்கு விரித்து, சட்டத்தையும் பொதுநலனையும் மதித்தல் என்ற நான்காவதைச் சேர்த்தது. நேரடியாகப் பங்கேற்காமலே பாதிக்கப்படுபவர்களையும் கணக்கில் எடுக்கச் சொன்னதுதான் அதன் முக்கியமான பங்கு.

ஓட்டையைக் காட்டும் ஆய்வுக்கும் மனிதரைக் கருவியாக்கும் ஆய்வுக்கும் நடுவே நிற்கும் ஆய்வுகளும் உண்டு. 1997-இல் லடான்யா ஸ்வீனி, பெயர் நீக்கி வெளியிடப்பட்ட மாசசூசெட்ஸ் அரசு ஊழியர் மருத்துவத் தரவையும் 20 டாலருக்கு வாங்கிய வாக்காளர் பட்டியலையும் ஒப்பிட்டு, ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவை அடையாளம் கண்டார். ஆளுநரிடமும் யாரும் அனுமதி கேட்கவில்லை. ஆனால் அந்தத் தரவு பாதுகாப்பானது என்று மக்களுக்கு உறுதியளித்தவர் அவரே. அதிகாரத்தில் இருப்பவரின் உறுதிமொழியைச் சோதிப்பதும் திருத்தங்களைப் பரிசீலிக்கும் ஒருவரை ஏமாற்றுவதும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல.

விதிகள் மெல்ல மாறிவருகின்றன. யூஸ்னிக்ஸ் பாதுகாப்பு மாநாடு 2025 முதல் ஒவ்வொரு கட்டுரையிலும் அறப் பரிசீலனைப் பகுதியைக் கட்டாயமாக்கியது. லினக்ஸ் கெர்னல் ஆவணங்களில் ஆய்வாளர்களுக்கென்றே ஒரு வழிகாட்டி சேர்க்கப்பட்டிருக்கிறது. பொதுவில் கிடக்கும் நிரலையும் விவாதங்களையும் ஆராய யாரையும் கேட்க வேண்டியதில்லை என்கிறது அது. நிரலாளர்களின் நடத்தையைச் சோதிப்பதானால் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரின் வெளிப்படையான ஒப்புதலும் முன்கூட்டியே வேண்டும்.