வித்தா, வயலா?

நாஞ்சில் நாட்டில் நாற்றங்கால் சரியாக முளைக்காவிட்டால் உடனே இரண்டு கட்சிகள் உண்டாகிவிடும். 'வித்து சொத்தை' என்னும் ஒரு கட்சி; 'வயலில்தான் கோளாறு' என்னும் மற்றது. வித்துக் கொடுத்தவர் முதல் கட்சியில் ஒருநாளும் சேரமாட்டார். வயலுக்குடையவர் இரண்டாவதில் சேரமாட்டார். இந்தச் சச்சரவுக்கு நடுவே விவேகமுள்ள கிழவர் ஒருவர், மிச்சமிருக்கும் வித்தில் ஒரு பிடி எடுத்து நனைத்து, ஈரச் சாக்கில் முடிந்துவைப்பார். இரண்டு மூன்று நாளில் வெள்ளை முளை எட்டிப் பார்த்தால் வித்தின்மேல் பழி இல்லை. வழக்கு வயலுக்குப் போய்விடும்.

இதே வழக்கு இன்று நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைகளில் வேறு உருவத்தில் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே வித்துக்குப் பெயர் பிராசஸர். வயலுக்குப் பெயர் மதர்போர்டு. முன்னது கணக்குப் போடும் சில்லு, உள்ளங்கைக்குள் அடங்கும். பின்னது அதைத் தாங்கி, மின்சாரம் கொடுத்து, மற்ற உறுப்புகளோடு பேசவைக்கும் பலகை. 'தாய்ப்பலகை' என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள். பிள்ளை பேசாவிட்டால் முதலில் தாயைக் குறைகூறுவது நம் வழக்கமல்லவா? கடைகளிலும் ஏறக்குறைய அப்படித்தான். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. பலகையில் கெட்டுப்போகக்கூடிய சாமான்கள் பல. பிராசஸர் சாமான்யமாகச் சாவதில்லை.

சங்கடம் என்னவென்றால், இரண்டில் எது இறந்தாலும் பிணம் ஒரே மாதிரி இருக்கிறது. விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் இருட்டாக இருக்கும்.

எனக்குப் பழக்கமான கடையொன்றில் ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தபோது, தட்டச்சு வேலை செய்து பிழைக்கும் ஓர் அம்மாள் தம் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னொரு எடத்துல காட்டினேன் தம்பி. ரெண்டும் போச்சு, மாத்தணும்னு சொல்லிட்டாவ" என்றார். அவர் முகத்தில் இருந்தது சந்தேகமில்லை; கணக்கு. ஒன்றுக்குப் பணம் உண்டு, இரண்டுக்கு இல்லை.

"இருங்க அக்கா, பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றான் கடைக்காரத் தம்பி.

அவன் முதலில் இரண்டையும் தொடவில்லை. மின்சாரம் கொடுக்கும் பெட்டியை மாற்றிப் பார்த்தான். நினைவகத் துண்டுகளைக் கழற்றி, துடைத்து, ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தான். பிராசஸரை எடுத்துவிட்டு, அது உட்காரும் குழியில் மயிரிழைபோன்ற ஊசிகளில் ஏதாவது வளைந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினான். சந்தேகம் இரண்டுபேர் மேல்தான் என்று நிச்சயமான பிறகே, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வேறொரு பலகையில் அந்த அம்மாளின் பிராசஸரை உட்காரவைத்தான். திரை வெளிச்சமாயிற்று.

"சில்லு நல்லா இருக்கு அக்கா. போர்டு மட்டும்தான்."

அம்மாள் போனபின், "நல்ல பிராசஸர் ஒன்றை எடுத்து இந்தப் பலகையிலே போட்டுப் பார்த்தாலும் தெரிந்திருக்குமே தம்பி?" என்று கேட்டேன்.

"அது மட்டும் செய்யப்படாது அண்ணாச்சி. போர்டுல கரண்டு குறைக்கிற பாகம் ஷார்ட் ஆயிருந்தா நல்லதும் சேந்து போயிரும். சந்தேகப்பட்டத நல்ல எடத்துல வச்சுப் பாக்கணும். நல்லத சந்தேகப்பட்ட எடத்துல வைக்கப்படாது. அதாக்கும் வழி."

பிராசஸருக்கு வேண்டியது ஏறக்குறைய ஒரு வோல்ட்; பலகைக்குள் வருவது பன்னிரண்டு வோல்ட். அதை இறக்கிக் கொடுக்கும் உறுப்பு பழுதானால் பன்னிரண்டும் நேரே பாயக்கூடும். பிறகு அவன் இன்னொன்றும் சொன்னான்: "ரெண்டும் போச்சுன்னு சொன்னா ஏன்னு கேக்க ஆளில்ல அண்ணாச்சி."

அந்த இரண்டாவது வாக்கியம்தான் எனக்கு நெடுநேரம் உறுத்திக்கொண்டிருந்தது. குற்றஞ்சாட்டப்பட்டது வாய் திறக்காது. தண்டனைப் பணம் கட்டுகிறவருக்கு விஷயம் தெரியாது. தீர்ப்புச் சொல்கிறவனுக்கோ தப்பான தீர்ப்பில்தான் லாபம். இப்படிப்பட்ட நீதிமன்றத்தில் நியாயம் கிடைப்பது அந்த ஒருவனுடைய மனசாட்சியைப் பொறுத்தது.

சோதனை என்ற பெயரால் நடப்பதெல்லாம் நியாயமாகிவிடாது. பக்கத்தில் சுசீந்திரத்தில், திருவிதாங்கூர் மன்னர்கள் ஆண்ட காலத்தில் 'கைமுக்கு' என்று ஒரு வழக்கம் இருந்தது. ஒழுக்கக்கேடு செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட நம்பூதிரியைக் கொதிக்கும் நெய்யில் கை முக்கச் சொல்வார்கள். வேகாவிட்டால் நிரபராதி. நெய்க்கு நிரபராதியின் கை எது, குற்றவாளியின் கை எது என்று எப்படித் தெரியும்? 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜா அதை நிறுத்தினார். நல்ல சில்லைக் கெட்ட பலகையில் பொருத்திப் பார்ப்பதும் ஒரு கைமுக்குத்தான்.

ஆனால் நம் கிழவரின் ஈரச் சாக்குக்கும் ஓர் எல்லை உண்டு. முளைத்தால் வித்து நல்லது, சரி. முளைக்காவிட்டால்? வித்து இப்போது செத்திருக்கிறது என்று மட்டுமே தெரியும். பிறவியிலேயே சொத்தையா, வைத்திருந்த இடத்தில் ஈரம்பட்டுக் கெட்டதா என்று சாக்கு சொல்லாது. இந்தச் சோதனைக்கு விடுதலை செய்யத் தெரியும், தண்டிக்கத் தெரியாது.

பிறவிக் குற்றத்தை நிரூபிப்பது எவ்வளவு சிரமம் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1994-இல் அமெரிக்காவில் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியரின் கணக்கில் ஒரு பிழை தட்டுப்பட்டது. அவர் உடனே இன்டெல் கம்பெனியின் பென்டியம் சில்லைக் குறைகூறவில்லை. தம்முடைய நிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக விலக்க மாதங்கள் ஆயின. பழைய 486 இயந்திரத்தில் கணக்குச் சரியாக வந்தது. வேறு வேறு பென்டியம் இயந்திரங்களில் அதே பிழை திரும்ப வந்தது. எந்த வீட்டில் வைத்தாலும், எந்தச் சகோதரனை எடுத்தாலும் அதே குறை என்று கண்ட பிறகே வாய் திறந்தார். வகுத்தலுக்கான அட்டவணையில் சில இடங்கள் விடுபட்டுப்போயிருந்தன. அந்தத் தவறுக்கு இன்டெல் 47.5 கோடி டாலர் ஒதுக்கவேண்டி வந்தது.

2024-இல் அதே கம்பெனியின் பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறைச் சில்லுகள் நிலைகுலைந்தபோது வழக்கு இவ்வளவு தெளிவாக இல்லை. முதலில் விரல் பலகைகளை நோக்கி நீண்டது: வரம்பு மீறி மின்சாரம் கொடுக்கின்றன என்றார்கள். சில மாதங்களில், சில்லுக்குள்ளிருந்த கட்டளையே தேவைக்கு மேல் வோல்ட் கேட்டது என்று இன்டெல் ஒப்புக்கொண்டது. கடைசியில் சொன்ன காரணப் பட்டியலில் இரண்டுக்கும் இடமிருந்தது. கேட்டவனும் அளவுமீறிக் கேட்டான். கொடுத்தவனும் அளவுமீறிக் கொடுத்தான். திருத்திய கட்டளையை வெளியிட்டார்கள். அது இனிமேல் கெடாமல் காக்கும். ஏற்கெனவே கெட்டதைச் சரியாக்காது. அப்படிக் கெட்ட சில்லை உலகத்திலேயே உத்தமமான பலகையில் கொண்டுபோய் வைத்தாலும் அது தடுமாறத்தான் செய்யும்.

இந்த இடத்தில் எனக்குச் சில்லும் பலகையும் மறந்துபோய் மனிதர்கள் நினைவுக்கு வருகிறார்கள். 'அந்தப் பெண் எந்த வீட்டிலும் ஒத்துப்போக மாட்டாள்' என்கிறோம். 'அந்தப் பையனை மூன்று பள்ளிக்கூடம் மாற்றியாயிற்று, உருப்படவில்லை' என்கிறோம். மூன்று இடத்தில் தோற்றதை மூன்று சாட்சியாக எண்ணுகிறோம். முதல் இடத்திலேயே எரிந்துபோனதை இரண்டாவது இடமும் மூன்றாவது இடமும் வெறுமே காட்டித்தருகின்றன என்பது நம் புத்தியில் படுவதில்லை. அதைவிட, மனிதனைக் கழற்றி வேறிடத்தில் மாட்டிப் பார்ப்பது சோதனையாகவும் முடிவதில்லை. ஒவ்வொரு மாற்றமும் அவனைக் கொஞ்சம் மாற்றிவிடுகிறது.

அப்படியானால் யாரையும் குறை சொல்லவே கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். சொல்லாமல் குடும்பமும் நடக்காது, கடையும் நடக்காது. பலகையை மாற்றவேண்டுமா என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் 'இது இப்போது ஓடவில்லை' என்பது ஒரு வாக்கியம். 'இது ஆரம்பத்திலிருந்தே மோசம்' என்பது வேறொரு வாக்கியம். முதல் வாக்கியத்துக்கு ஒரு சோதனை போதும். இரண்டாவதைச் சொல்ல நைஸ்லியின் பொறுமை வேண்டும். அது நம்மில் அநேகரிடம் கிடையாது. கிடையாது என்று தெரிந்தவர்கள் முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பலருடைய வாழ்க்கை அந்த நிறுத்தத்தினால் பிழைத்துப்போகும்.