கணக்கிட முடிந்த கிரகணத்துக்குத் தொழுகை எதற்கு?

2010 ஜனவரி 15 ஒரு வெள்ளிக்கிழமை. அன்று பகல் 11 மணிக்குச் சற்றுப் பின் தென்காசி வானில் சந்திரன் சூரியனை மறைக்கத் தொடங்கியது. ஒரு மணி கடந்ததும் சூரியன் ஒரு வளையமாக நின்றது. சரியாக ஜும்ஆ வேளை. பள்ளிவாசல் முற்றத்து வேப்பமர நிழலில், இலை இடுக்குகளின் வழியே விழும் ஒளிப்பொட்டுகள் யாவும் சின்னஞ்சிறு வளையங்களாகிக் கிடந்தன. ஹவுளில் ஒளூச் செய்ய வந்த பெரியவர்கள்கூட அதைப் பார்த்து நின்றுவிட்டார்கள்.

அப்போது என்னிடம் ஓதிக்கொண்டிருந்த ஒரு பையன் கேட்டான்: "ஹஜ்ரத், இத்தனை மணிக்கு வரும், இத்தனை மணிக்கு விலகும் என்று பேப்பரில் முன்பே போட்டுவிட்டார்களே. பிறகு கிரகணத் தொழுகை எதற்கு?"

"இப்படியெல்லாம் கேட்கக் கூடாது. ஸஃப்பில் போய் உட்கார்" என்றேன். போய் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு, ஓதி முடித்துப் போகும்வரை, அவன் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த மௌனந்தான் இதை எழுத வைக்கிறது.

நான் செய்தது பிழை என்பதை எனக்கு உணர்த்தியவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். தத்துவவாதிகளை மறுத்துத் தாம் எழுதிய 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா' நூலின் முன்னுரையிலேயே அவர்கள் கிரகணத்தைத்தான் உதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். கணிதத்தால் நிரூபணமான ஒன்றை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன், மார்க்கத்தின் எதிரியைவிட அதிகத் தீங்கு செய்கிறான் என்பது அவர்களின் கருத்து. சொன்னவர் 1111-இல் மறைந்தவர். நானோ தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குப் பின் ஒரு பிள்ளையின் வாயை அடைத்தேன்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் மறைந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்தக் குழந்தைக்காகவே சூரியன் இருண்டது என மக்கள் பேசினர். மகனை இழந்த தகப்பனுக்கு அது எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும்! ஆனால், எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். மறுத்த அதே நாளில் நீண்ட நேரம் நின்று தொழவும் செய்தார்கள். ஆகவே இந்தத் தொழுகை காரணம் அறியாதவர்களின் நடுக்கத்தில் பிறந்ததல்ல. லுஹர் நேரத்தையும் கணக்கிட்டு அட்டவணையாகப் பள்ளிவாசல் சுவரில் மாட்டியிருக்கிறோம். அதனால் லுஹரை விட்டுவிட்டோமா?

சில ஆண்டுகள் கழித்து, சாரல் காலத்தில் பிள்ளைகளைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். பேரருவியின் எதிரில் நின்று ஒருவன் கேட்டான்: "தண்ணீர் விழுகிறது, சந்திரன் ஏன் விழவில்லை?" இம்முறை வாயடைக்கவில்லை. உடன் வந்திருந்த விஞ்ஞான ஆசிரியரைப் பார்த்தேன். "சந்திரனும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது" என்றார் அவர்!

விளக்கம் இதுதான். காற்றின் தடையை விட்டுவிட்டால், அருவி நீர் முதல் வினாடியில் சுமார் 16 அடி விழுகிறது. பூமியின் மையத்திலிருந்து நாம் இருப்பதைப் போல் சந்திரன் 60 மடங்கு தூரத்தில் இருக்கிறது. ஆகவே அங்கே ஈர்ப்பு 60 பெருக்கல் 60, அதாவது 3600 மடங்கு குறைவு. நீர் ஒரு வினாடியில் விழும் அந்த 16 அடியைச் சந்திரன் ஒரு நிமிடத்தில் விழுகிறது. ஆனால் அதே நிமிடத்தில் பக்கவாட்டில் சுமார் 60 கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. விழுவதும் ஓடுவதும் சேர்ந்து வட்டமாகிறது. நியூட்டன் போட்ட கணக்கு இது. பையன்கள் அருவியை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தார்கள்.

விஞ்ஞானம் எதைக் கண்டாலும், அது எங்கள் வேதத்தில் முன்பே இருக்கிறது என்று மேடையில் முழங்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சூரியனும் சந்திரனும் கணக்கின்படி இயங்குவதை ரஹ்மான் சூரா சொல்கிறது. கணக்கைப் போடும் உழைப்பை நம்மிடம் விட்டிருக்கிறது. இப்னுல் ஹைதம் அந்த உழைப்பைச் செய்தார். சிறு துளை வழியே விழும் கிரகண ஒளியின் வடிவத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். எங்கள் வேப்பமரத்தடியில் கிடந்தது அதே பாடந்தான்.

அந்த மாணவன் கேள்வியின் கடினமான பாதி இன்னும் இருக்கிறது. கிரகணம் அடியார்களுக்கு அச்சமூட்டும் அத்தாட்சி என்றும் ஹதீஸில் வருகிறது. நேரம் தெரிந்த ஒன்றுக்கு எப்படி அஞ்சுவது? தண்ணீர் ஏன் கீழே வருகிறது என்பது குற்றாலத்தில் குளிக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆயினும் 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனை அடித்துச் சென்றுவிட்டது. அந்த வெள்ளம் எந்த விதியையும் மீறவில்லை. சந்திரனை வளைத்துப் பிடித்திருக்கும் அதே ஈர்ப்புத்தான் அதையும் கீழே இழுத்தது. விதி தெரிந்தவனுக்கு அச்சம் இல்லை என்று அந்தப் பிள்ளையின் வீட்டில் போய்ச் சொல்ல முடியுமா? நம் கைக்குள் அடங்காதவற்றின் நடுவே வாழ்கிறோம் என்பது நட்டநடுப் பகலில் கண்ணுக்குத் தெரியும்போது ஸுஜூதில் விழுகிறோம். அவனிடம் அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

2031 மே 21 அன்று மதுரை வழியாக மீண்டும் ஒரு வளையக் கிரகணம் கடந்து செல்லும். இப்போது ஓதும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். "அமாவாசைதோறும் ஏன் கிரகணம் வருவதில்லை ஹஜ்ரத்?" என்றான் ஒரு சிறுவன். சந்திரனின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது என்று கரும்பலகையில் வரையத் தொடங்கினேன். அதற்குள் அஸர் பாங்கு சொல்லிவிட்டார்கள். படத்தை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தொழப் போனோம்.