பின்னால் வருபவருக்கு நாம் பட்ட கடன்



மார்கழி மாதத்து விடியற்காலையிலே எமது ஊர்களில் திருவெம்பாவைக் காரரின் சங்கும் சேமக்கலமும் கேட்கும். மொன்றியலில் அதே நேரத்தில் எமக்குக் கேட்பது கார்க் கண்ணாடியிலே பனிக்கட்டியைச் சுரண்டும் ஓசைதான். ஒரு வீட்டு வாசலில் தொடங்கும் இந்தச் சத்தம், சிறிது நேரத்தில் தெரு முழுவதும் பரவிவிடும். எம்மவர் முதன்முதலில் குடியேறிய பகுதிகளுள் ஒன்றான கோட்-டே-நேஜின் பெயருக்கே பனிச்சரிவு என்றுதான் பொருள். இந்நகரில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக இரண்டு மீற்றர் அளவு பனி கொட்டுகிறது. அந்த இரண்டு மீற்றரில் எமது காரின் தலையில் விழும் பங்கை அகற்றவேண்டியவர் நாம்தான்.

ஊரிலே நாம் ஐஸ்கட்டியைக் கண்டதெல்லாம் மீன்சந்தையில்தான். மரத்தூளுக்குள் புதைத்துக்கொண்டு வருவார்கள். அது உருகிவிடக்கூடாதே என்பது அங்கத்தைய கவலை. இங்கே அது உருகமாட்டாதா என்பது கவலை. 2010ஆம் ஆண்டு நாம் இங்கு வந்து சேர்ந்த முதற் குளிர்காலத்திலே, ஒரு கேத்தல் கொதிநீரைக் கண்ணாடியில் ஊற்றப் போனோம். பக்கத்து வீட்டுக் கிழவர் காலணியைக்கூட ஒழுங்காக மாட்டாமல் ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டார். திடீர்ச் சூட்டினால் கண்ணாடி வெடித்துவிடும். வெடிக்காவிட்டாலும் அந்த நீர் மறு நிமிடமே புதிய பனிக்கட்டியாகிவிடும் என்று அவர் பிரெஞ்சும் சைகையுமாக விளங்கப்படுத்தினார். பின்னர் தமது சுரண்டியை எமக்கே தந்துவிட்டுப் போனார். இந்நாட்டில் எமக்குக் கிடைத்த முதற் பாடங்களுள் அதுவும் ஒன்று.

காரைத் துப்புரவாக்குவோர் மூன்று வகையினர் என்பது எமது அவதானிப்பு. முதல் வகையினர் சாரதிக்கு எதிரே சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் சுரண்டி, அந்த ஓட்டைக்குள்ளால் எட்டிப் பார்த்துக்கொண்டு போவார்கள். இரண்டாம் வகையினர் கண்ணாடிகள், விளக்குகள் யாவற்றையும் துடைப்பார்கள். ஆனால் கூரையில் ஓரடிப் பனி அப்படியே இருக்கும். மூன்றாம் வகையினர் கூரையையும் வழித்துவிட்டே புறப்படுவர். முதல் வகையினர் தமக்கே ஆபத்தைத் தேடுகிறார்கள் என்பது எவருக்கும் விளங்கும். இரண்டாம் வகையினர்தான் எம்மைச் சிந்திக்க வைப்பவர்கள். தமக்கு எது தேவையோ அதனை அவர்கள் குறைவறச் செய்துவிட்டார்கள். கூரையிலுள்ள பனியால் அவர்களுக்குப் பெரும்பாலும் இடையூறு இல்லை. இடையூறு முழுவதும் பின்னால் வருபவருக்குத்தான்.

அது எப்படி நிகழ்கிறது என்பதையும் சொல்லிவிடுவோம். காருக்குள் சூடேற்றியை இயக்கியதும் கூரைத் தகடு மெல்ல இளஞ்சூடாகிறது. அதனோடு ஒட்டியிருக்கும் பனி சற்று உருகுகிறது. காரை நிறுத்தியபின் அதே நீர் உறைந்து பாளமாகிறது. இப்படி இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் கூரையின் மேல் இருப்பது பஞ்சு போன்ற பனியல்ல, ஒரு கதவு அளவான ஐஸ்பலகை. அடுத்த முறை கூரை சூடேறும்போது பலகையின் அடி இளகும். நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்க்காற்று அதன் விளிம்புக்குள் புகுந்ததும் பலகை எழும்பிப் பறக்கும். கண்ணாடிகளைத் துப்புரவாக வைத்திருக்கவேண்டும் என்றும், பனியோ ஐஸோ கழன்று விழக்கூடிய நிலையில் வாகனத்தை ஓட்டக்கூடாது என்றும் கியூபெக் சட்டம் விதிக்கிறது. மீறினால் அபராதம் உண்டு. ஆயினும் இருட்டோடு புறப்படும் எல்லாக் கார்களையும் பொலிசார் பார்த்துக்கொண்டிருக்க முடியாதல்லவா?

இவ்வளவும் நாம் புத்தகத்தில் படித்தவை அல்ல. 2015 பெப்ரவரி மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை. எட்டு வயது மகளைத் தமிழ் வகுப்பில் இறக்கிவிட்டு நாம் வேலைத்தலத்துக்குப் போகவேண்டும். திங்கட்கிழமைக்குள் சம்பளப் படிவங்கள் யாவும் அரசுக்குப் போய்ச் சேரவேண்டும். கணக்கர் எவருக்கும் அந்த வாரம் எப்படியிருக்கும் என்பது தெரியும். காரின் கண்ணாடிகளைத் துடைத்தோம். கூரையைப் பார்த்தோம். நாலு நாள் பனி இறுகிக் கிடந்தது. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டோம்.

40ஆம் இலக்க நெடுஞ்சாலையில் போகையில் தலைக்கு மேலே பெரிய ஓசையொன்று கேட்டது. பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தோம். பாளம் முழுதாக எழும்பிப் போய்ப் பின்னால் வந்த காரின் முகப்பில் மோதிச் சிதறியது. அந்தக் கார் வலப்பக்கமாக இழுபட்டது. அதன் விளக்குகள் பனித்தூளுக்குள் மறைந்தன. மகள் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அந்தக் கார்... நிப்பாட்டுங்கோ அப்பா!"

"ஒண்டும் நடக்கேல்லைப் பிள்ளை. பனிதானே."

நாம் இறங்கவேண்டிய வழி அப்போது வந்துவிட்டது. திரும்பினோம், போய்விட்டோம். அன்று மாலை வானொலியில் அப்படியொரு விபத்துச் செய்தி வரவில்லை. மறுநாட் பத்திரிகையிலும் இல்லை. பத்திரிகையில் இல்லாததனால் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகாது. அந்தக் காரில் வந்தவர் யார், அவருக்கு என்ன ஆனது என்பது இன்றுவரை எமக்குத் தெரியாது.

நாம் குற்றவாளியா, இல்லையா? இந்தக் கேள்வியோடு பல காலம் மல்லுக்கட்டினோம். எமது பக்கத்து நியாயங்கள் இவை: நாம் எவருக்கும் தீங்கு நினைக்கவில்லை. தீங்கு நேரும் என்று எதிர்பார்க்கவுமில்லை. அன்று அச்சாலையில் ஓடிய எத்தனையோ கார்களின் கூரையிலும் பனி இருந்தது. எமது பாளம் பறந்தது தற்செயல். மேலும், இம்மாகாணத்தில் 1978ஆம் ஆண்டு தொடக்கம், வீதி விபத்தில் உடற்காயம் அடைந்தவருக்குத் தவறு யாருடையது என்று பாராமலே அரசின் காப்புறுதி நட்டஈடு வழங்குகிறது. ஆகவே எம்மைக் கண்டுபிடிக்க முடியாததனால் அவர் சிகிச்சைச் செலவின்றி நின்றிருக்கமாட்டார்.

இந்த நியாயங்கள் ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் இவற்றில் ஒன்றுகூட நாம் நிறுத்தாமல் போனதற்குப் பொருந்தவில்லை. பாளம் பறந்தது எமது எண்ணமில்லாமல் நடந்தது. கூரையை வழிக்காமல் புறப்பட்டது கவனயீனம். ஆனால் வழி திரும்பிப் போனது எம் முழு அறிவோடு நாமே செய்தது. கண்ணாடியில் கண்டோம், பிள்ளை சொன்னாள், கால் தடையை மிதித்திருக்கலாம், மிதிக்கவில்லை. நட்டஈட்டுப் பணத்தை அரசு கொடுக்கலாம். இறங்கிப் போய் "என்ன, காயமோ?" என்று கேட்பதை எமக்குப் பதிலாக எந்த அரசும் செய்யாது.

ஏன் நிறுத்தவில்லை? அவசரம் என்பது பாதி உண்மைதான். மற்றப் பாதி பயம். பொலிஸ் வரும், பிரெஞ்சிலே கேள்வி கேட்கும், எமது பெயர் எங்கோ ஒரு கோப்பில் ஏறும் என்ற பயம். சோதனைச்சாவடிகளைக் கடந்து வந்தவர்களுக்கு அது இலேசில் விட்டுப்போகாத பயம். ஒன்று நடந்த இடத்தில் நில்லாதே என்பதை நாம் அங்கே உயிர் காக்கும் பாடமாகப் படித்தோம். அங்கே உயிரைக் காத்த அதே பழக்கம் இங்கே இன்னொருவரை வீதியோரத்தில் விட்டுவரச் செய்தது. இதனை விளக்கமாகச் சொல்கிறோமே தவிர, மன்னிப்பாகச் சொல்லவில்லை.

மனுநீதிச் சோழன் கதை எமக்கெல்லாம் சிறுவயதிலே சொல்லப்பட்டது. இளவரசனின் தேர்க்காலில் பசுக்கன்று அகப்பட்டதைப் பெரியபுராணம் கூறுகிறது. திருவாரூரிலே அதன் நினைவாகக் கற்றேர் ஒன்றும் உண்டு. அநுராதபுரத்திலே 44 ஆண்டுகள் ஆட்சி செய்த தமிழ் மன்னன் எல்லாளன் மீதும் மகாவம்சம் இதே கதையைச் சொல்கிறது. ஆனால் அவனைப் பற்றி அந்நூல் கூறும் இன்னொரு நிகழ்ச்சியை எம்மவர் அதிகம் பேசுவதில்லை.

எல்லாளன் ஒருநாள் தேரிலே போகையில் நுகத்தின் முனை தட்டிப் பௌத்த தூபியொன்று சிதைந்தது. அது அவனுடைய சமயத்தாரின் கோயிலன்று. அவன் வேண்டுமென்று செய்ததுமன்று என்பதை மகாவம்சமே ஒத்துக்கொள்கிறது. தூபி சேதமாயிற்று என்று அமைச்சர்கள் சொன்ன மாத்திரத்தில் மன்னன் தேரை விட்டு இறங்கி வீதியிலே கிடந்து, இந்தச் சக்கரத்தால் என் தலையையும் அறுத்துவிடுங்கள் என்றானாம். பிறரைத் துன்புறுத்துவதைப் புத்தர் ஏற்கமாட்டார், தூபியைத் திருத்திக்கொடுத்தால் போதும் என்றார்கள் அமைச்சர்கள். பெயர்ந்து விழுந்தவை 15 கற்கள். அவற்றைத் திரும்ப வைப்பதற்கு அவன் 15,000 கஹாபணக் காசு செலவிட்டான்.

கணக்கர் என்ற முறையில் இந்தக் கணக்கு எமக்குப் பிடித்திருக்கிறது. கல்லொன்றுக்கு ஆயிரம். அவன் தலையைக் கொடுக்க முன்வந்ததை விட, கல்லை எண்ணிப் பார்த்ததே எமக்குப் பெரிதாகத் தெரிகிறது. தன்னால் என்ன சேதம் நேர்ந்தது என்பதை நின்று, இறங்கி, எண்ணி அறிந்தான். அதன் பின்பே ஈடுசெய்ய முடிந்தது. நாம் இறங்கவில்லை. ஆதலால் எமது கடனின் தொகை எமக்கே தெரியாது. ஒரு விரிந்த கண்ணாடியாகவும் இருக்கலாம், ஓர் உயிராகவும் இருக்கலாம்.

தொகை தெரியாத கடனுக்குக் கணக்கியலில் ஒரு வழி உண்டு. இயன்றவரை மதிப்பிட்டு ஒதுக்கீடு என்று ஏட்டில் பதிந்து வைப்போம். தொகை தெரியாது என்பதற்காகப் பதியாமல் விடுவது பொய்க்கணக்கு. இந்த விடயத்தை அறிந்த நண்பரொருவர், கோயிலில் ஓர் அர்ச்சனை செய்து மனத்தை ஆற்றிக்கொள்ளச் சொன்னார். செய்தோம். மனம் சற்று ஆறியது உண்மை. ஆனால் ஒருவரிடம் பட்ட கடனை இன்னொருவரின் பெயரில் வரவு வைத்தால் முன்னவரின் கணக்கு மூடாது. ஆண்டவனிடம் கேட்ட மன்னிப்பு ஆண்டவனுக்கும் எமக்கும் உள்ள கணக்கு. அந்தச் சாரதியின் கணக்குத் திறந்தபடியே இருக்கிறது.

அவரை நாம் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அவர் எம்மைப் பொறுத்தவரை யார்? பின்னால் வந்த ஒருவர், பெயர் தெரியாதவர், முகம் தெரியாதவர். அப்படிப்பட்ட ஒருவர் ஒவ்வொரு காலையும் எமக்குப் பின்னால் வந்துகொண்டுதான் இருக்கிறார். அவருக்குச் செலுத்துவதைத் தவிர வேறு வழி எமக்குத் தோன்றவில்லை. இதனால் பழைய கடன் அழிந்துவிடும் என்று நாம் நம்பவில்லை. வளராமல் இருக்கும், அவ்வளவுதான்.

இதிலே இன்னொரு பக்கமும் உண்டு. நாமே பெயர் தெரியாதவர்களின் கடனாளிகள். 1986 ஆகஸ்ட் மாதம் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை அங்குள்ள மீனவர் கண்டு கரைசேர்த்தார்கள். அவர்கள் யார், எவர் என்று விசாரித்துவிட்டா மீனவர் படகைத் திருப்பினார்கள்? 1998 சனவரி 5ஆம் திகதி தொடங்கி நாட்கணக்காக உறைமழை பெய்தபோது, கியூபெக்கில் 30 இலட்சத்துக்கும் அதிகமானோர் மின்சாரமின்றி இருந்தனர். அந்த நாட்களில் விறகடுப்பு உள்ள வீடுகள் அயலாருக்குக் கதவைத் திறந்துவிட்டதை முன்னரே வந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். எமக்குக் கொதிநீரின் ஆபத்தைச் சொன்ன கிழவருக்கு எமது பெயரே உச்சரிக்க வராது.

இரவு வேலை முடித்து வருபவர், கைக்குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு ஓடும் தாய், முதுகுவலிக்காரர் ஆகியோரெல்லாம் -25 பாகையில் கூரையை வழிக்கவேண்டும் என்பது நியாயமா என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. களைப்பு உண்மையான காரணம். ஆனால் பறக்கும் பலகைக்குச் சாரதியின் களைப்புத் தெரியாது. ஆகவே இயலாதவரைக் குறை சொல்வதை விட, இயன்றவர் பக்கத்துக் காரின் கூரையையும் சேர்த்து வழித்துவிடுவதே முறை. கூடுதலாக இரண்டு நிமிடம்தான் போகும். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து வாகனத் தரிப்பிடத்துக்கு வருகையில், நீண்ட பிடித் தூரிகை வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் இந்த உதவியைச் செய்யலாம். முதியோரின் கார்களை இளைஞர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

அன்று பின்னால் இருந்த மகளுக்கு இப்போது பதினெட்டு வயது. சாரதிப் பயிற்சி எடுக்கிறாள். சென்ற குளிர்காலத்தில் ஒரு காலை, படியில் ஏறி நின்று கூரையை வழித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அப்பா, அண்டைக்கு அந்தக் காருக்கு என்ன நடந்தது?"

அவள் மறந்திருப்பாள் என்று பத்து வருடமாக நினைத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை என்ற பழைய பதில் வாய்வரை வந்தது.

"தெரியாது பிள்ளை. நான் நிப்பாட்டேல்லை. நிப்பாட்டியிருக்க வேணும்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. மற்றப் பக்கமும் வழித்து முடித்தபின்தான் இறங்கினாள். எமது ஏட்டிலே அந்தக் கடன் முதன்முறையாகப் பதியப்பட்டது அன்றுதான். இன்று இப்பக்கத்தில் எழுதுவது இரண்டாவது பதிவு.