புள்ளி யாருடையது?



உங்கள் வீட்டிலோ அயல் வீட்டிலோ ஒரு பிள்ளை பொறியியற் பீடத்திற்கு எடுபட்டிருந்தால் இதைச் சற்று நின்று வாசியுங்கள். எடுபடாத பிள்ளையின் பெற்றோரும் வாசிக்கலாம். கேள்வி இருவருக்கும் ஒன்றுதான்.

சென்ற மாதம் ஒரு மாலைப் பூசையின் பின் தகப்பன், தாய், மகள் மூவரும் எமது காரியாலயத்திற்கு வந்தார்கள். மகள் பொறியியற் பீடத்தில் பொதுப் பாடங்களை முடித்துக்கொண்டு விடுமுறையில் வந்திருக்கிறாள். பேராதனை, மொறட்டுவை போன்ற பீடங்களில் தொடக்கத்தில் எல்லாரும் ஒரே பாடங்களையே படிப்பர். பின்னரே குடிசார், இயந்திர, மின், கணினி, இரசாயனப் பொறியியல் என்று துறைகள் பிரியும். மாணவர் தம் விருப்பத்தை வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். இடங்கள் மட்டுப்படுத்தப்பட்டவை, புள்ளி கூடியவருக்கே கேட்டது கிடைக்கும். இந்தப் பிள்ளைக்கோ எதைக் கேட்டாலும் கிடைக்கக் கூடிய புள்ளி இருக்கிறது. தொல்லையே அதுதான்.

“சுவாமி, நீங்கள்தான் இவளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேணும். இவ்வளவு புள்ளியையும் எடுத்துப்போட்டு சிவிலுக்குப் போகப் போறன் எண்டு நிக்கிறாள். கொம்பியூட்டர் கிடைக்குமெல்லோ! அந்தப் புள்ளியெல்லாம் வீணாய்ப் போகுது” என்றார் தகப்பன். தாய்க்கு வேறு கவலை: “பொம்பிளைப் பிள்ளை வெயிலுக்கை நிண்டு மேசன்மாரோடை மல்லுக்கட்டுறதோ, சுவாமி?”

தாயின் கவலைக்கு மறுமொழி இலேசானது. இலங்கையின் முதற் பெண் பொறியியலாளர் ஒரு தமிழ்ப் பெண். பிரேமளா சிவசேகரம் அவர்கள் 1964ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார்; அவர் எடுத்துக்கொண்டதும் குடிசார் பொறியியலே. பின்னர் ஒக்ஸ்போர்டிலும் படித்தார். அறுபது வருடங்களுக்கு முன் ஒரு பெண்ணுக்கு இயன்றது இன்று இயலாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தகப்பனாரின் ‘வீண்’ என்ற சொல்லே என் மனதை விட்டு அகல மறுக்கிறது. புள்ளி எப்படி வீணாகும்? நூறு ரூபாயோடு சந்தைக்குப் போய் நாற்பது ரூபாய்ப் பொருளை வாங்கினால் மிச்சக் காசு கைக்கு வரும். புள்ளிக்கு மிச்சக் காசு கிடையாது. ஆகவே முழுவதையும் செலவழித்துவிட வேண்டும், அதிக விலைப்பட்ட துறையையே வாங்க வேண்டும் என்பது நம்மில் பலரின் எண்ணம். பிள்ளை அந்தத் துறையை விரும்புகிறதா, அதற்குப் பொருத்தமானதா என்ற விசாரணை அதற்குள் அடிபட்டுப் போகிறது.

அந்த விலைதான் நிலையானதா? 1980களில் விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல அணைகள் எழும்பிய காலத்தில் குடிசார் பொறியியலாளருக்கு இருந்த மதிப்பை வயதில் மூத்த வாசகர்கள் அறிவீர்கள். பிறகு கணினியும் இலத்திரனியலும் முன்னுக்கு வந்தன. 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் நின்றபோது கட்டட வேலைகள் அந்தரத்தில் நின்றன. சிவில் படித்தவர்கள் திண்டாடினார்கள். இன்றோ, நிரலை இயந்திரமே எழுதிவிடுகிறதே, இனி எமக்கு என்ன வேலை என்று கணினி படித்தவர்களும் யோசிக்கிறார்கள். பிள்ளை உழைக்கப் போவது ஏறக்குறைய நாற்பது வருடம். இந்த வருடத்து வரிசையை வைத்து நாற்பது வருடத்தை அளப்பது எப்படி?

புனித இஞ்ஞாசியார் தமது ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ என்ற நூலில் தெரிவு செய்வதைப் பற்றி நுணுக்கமாக எழுதியிருக்கிறார். பலர் முதலில் வழியைத் தெரிந்துகொண்டு, பின்பு நோக்கத்தை அந்த வழிக்கு ஏற்ப வளைக்கிறார்கள் என்பது அவர் கண்ட குறை. குருமடத்தில் இதைப் படித்தபோது, பதவி தேடும் அக்காலத்துக் குருக்களைப் பற்றியது என்று எண்ணி நாங்கள் சிரித்துக்கொண்டோம். இப்போது ஒவ்வொரு வருடமும் துறை தெரியும் காலத்தில் அது நினைவுக்கு வருகிறது.

அவர் சொல்லும் உபாயம் ஒன்று பெற்றோருக்கு மிகவும் உதவும். முன்பின் அறியாத ஒருவர் இதே நிலையில் உம்மிடம் வந்தால் என்ன புத்தி சொல்வீர்? அதையே உமக்கும் சொல்லிக்கொள்ளும் என்கிறார். தகப்பனாரிடம் இதைக் கேட்டேன். “வேறை ஆற்றையும் பிள்ளையெண்டால், விருப்பப்பட்டதைப் படிக்க விடுங்கோ எண்டுதான் சொல்லுவன்” என்று சொல்லிவிட்டு, தாமே சிரித்தார்.

அவரை நான் குறை சொல்லவில்லை. நகை அடைவில் இருக்கிறது. பின்னால் இன்னும் இரண்டு பிள்ளைகள். பிள்ளை குட்டி இல்லாத குருவானவர் மேசைக்கு இப்பால் இருந்துகொண்டு விருப்பத்தைப் பற்றிப் பேசுவது சுலபம். வீட்டுக் கடன் ஒரு நியாயமான காரணமே. ஆனால் அது காரணமாக இருந்தால், காரணம் அதுதான் என்று மகளிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘புள்ளி வீணாகிறது’ என்று சொல்வது முறையன்று. பயத்தைக் கேட்டால் பிள்ளை யோசிக்கும். தானே விட்டுக்கொடுக்கவும் கூடும். வீண் என்ற சொல்லுக்கு அது என்ன மறுமொழி சொல்லும்?

மகளிடமும் கேட்டேன், ஏன் சிவில் என்று. “தண்ணி, சுவாமி” என்றாள். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லில் ஊறிய கிணற்று நீரே நமக்கு ஆதாரம். அதில் ஒருபுறம் உவர் ஏறுகிறது, மறுபுறம் தோட்டத்து உரம் இறங்குகிறது. இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. 2024ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீரைத் தரும் அளவில் அமைக்கப்பட்டது. அதை எந்தத் துறையின் வேலை என்பீர்கள்? கடலிலிருந்து நீரை எடுக்கும் அமைப்பும் ஊருக்குள் ஓடும் குழாய்களும் குடிசார். வாகனச் சில்லில் உள்ள காற்றழுத்தத்தைப் போல் இருபது மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் நீரைத் தள்ளும் பம்பிகள் இயந்திரவியல். உப்பைத் தடுத்து நீரை விடும் மென்சவ்வு இரசாயனம். பம்பியை ஓட்டுவது மின். எல்லாவற்றையும் கண்காணிப்பது கணினி. தண்ணீர் மீதுள்ள அக்கறை உண்மையானால் ஐந்து வாசல்களாலும் உள்ளே போகலாம் என்று அவளுக்குச் சொன்னேன். இதைக் கேட்டுத் தகப்பன் முகம் மலர்ந்தது. மகள் முகம் கொஞ்சம் வாடியது. எனினும் உண்மை அதுவே. அக்கறை எதில் என்பதை முதலில் தெளிந்துகொண்டு, ‘எந்த வாசலில் எனக்குச் சலிப்பில்லாமல் உழைக்க வரும்?’ என்று அவள் தன்னையே கேட்க வேண்டும்.

இனித் தலைப்பில் உள்ள கேள்வி. புள்ளி பிள்ளையின் உழைப்பு. பெற்றோரின் வியர்வையும் அதில் உண்டு. அவ்வளவுதானா? 1945இலிருந்து இந்நாட்டில் கல்வி இலவசம். பல்கலைக்கழக இடங்களில் நாற்பது வீதம் அகில இலங்கைத் திறமைப்படியும், ஐம்பத்தைந்து வீதம் மாவட்டச் சனத்தொகைப்படியும், ஐந்து வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பகிரப்பட்டு வந்திருக்கின்றன. மன்னாரிலோ முல்லைத்தீவிலோ இருந்து போகும் பிள்ளைக்கு அந்த இடம் அந்த மாவட்டத்தின் பெயரால் கிடைத்தது. அதே மாவட்டத்தில் மயிரிழையில் இடம் தவறிய பிள்ளை ஒன்று உண்டு. ஆகவே அந்த இடத்தில் மற்றவருக்கும் பங்கு இருக்கிறது. இதனால் வெளிநாடு போவதே பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். போர்க் காலத்தில் போனவர்களின் காசில் எத்தனை வீடுகள் நின்றன என்பது நமக்குத் தெரியும். ஆனால் படிப்பை வெறும் விமானச் சீட்டாக எண்ணித் துறை தெரிபவர், அந்த மற்றப் பிள்ளையை ஒருமுறையாவது நினைக்கக் கடமைப்பட்டவர்.

மேற்படிப்பைப் பற்றியும் கேட்டார்கள். இப்போதே திட்டம் போட வேண்டுமாம். நாலு வருடப் பட்டத்தை ஒழுங்காக முடிக்கட்டும் என்பதே என் அபிப்பிராயம். இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்புரிமை பெற்றபடியால், அந்நிறுவகம் அங்கீகரித்த பட்டத்துக்கு வெளியிலும் மதிப்புண்டு. இரண்டு வருடம் வேலை செய்தால் தனக்கு எது தெரியாது என்பது பிள்ளைக்கே விளங்கும். அதன்பின் படிக்கும் முதுமாணிக்குப் பொருள் இருக்கும். வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் முதுமாணி பேராதனையிலும் மொறட்டுவையிலும் உண்டு. அமெரிக்காவில் கலாநிதி ஆய்வுக்குப் போகிறவர்களில் அநேகருக்குக் கட்டண விலக்கும் படியும் கிடைக்கின்றன; வகுப்பில் இருந்து படிக்கும் முதுமாணிக்குப் பெரும்பாலும் கைக்காசு வேண்டும். வீட்டை ஈடு வைத்து அதற்கு ஓடுவதை நான் ஆதரிக்கவில்லை.

இன்னொன்று. விரிவுரையாளராகச் சேர்ந்து சம்பளத்துடன் கற்கை விடுமுறை பெற்று வெளிநாடு செல்வோர் பிணைமுறியில் ஒப்பமிட்டே செல்கிறார்கள். திரும்பி வராதவர்களுக்காக, பிணை நின்ற மாமனோ நண்பனோ ஊரில் பணம் கட்டிய கதைகள் பல. இதைப் பாவசங்கீர்த்தனத்தில் எவரும் சொல்வதாகத் தெரியவில்லை. ஒப்பமிட்ட கை தன்னுடையதல்ல என்று நினைக்கிறார்கள் போலும்.

புறப்படும்போது இருட்டிவிட்டது. விருப்பப் படிவம் கொடுக்க இன்னும் பத்து நாள் இருப்பதாக மகள் சொன்னாள். சனிக்கிழமை மருதங்கேணியில் ஒரு உறவினர் வீட்டு அலுவல் இருக்கிறதாம். அப்படியே தாளையடிக்கும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவதாகத் தகப்பன் சொன்னார். உள்ளே விடுவார்களோ தெரியாது என்றார். வெளியில் நின்றாவது பார்க்கலாம் என்றாள் மகள்.