பொதுக் கிணறும் வணிகரும்

மதீனாவில் ரூமா என்றொரு கிணறு இருந்தது. அதன் உரிமையாளர் நீரை விலைக்கு விற்று வந்தார். ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் தம் பொருளால் அதனை வாங்கி, மக்கள் அனைவர்க்கும் பொதுவாக்கினார்கள். கணினியுலகில் வணிகரிடையே நிலவும் ஒரு தயக்கத்தை நோக்குங்கால் நமக்கு அக்கிணறே நினைவுக்கு வருகிறது.

கணினியை ஆளும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்பர். விண்டோஸின் மூல நிரல் அதன் உரிமையாளரிடமே உள்ளது. 1991-இல் ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் அத்தகையதன்று. அதனை எவரும் படிக்கலாம், திருத்தலாம், வழங்கலாம். திருத்தியதைப் பிறர்க்கு வழங்குவோர் அதன் நிரலையும் மறைக்காது அளித்தல் வேண்டும். வக்ஃபு செய்தவர் விதிக்கும் நிபந்தனையை ஒத்தது இது.

கூகுளும் அமேசானும் தம் சர்வர்களில் லினக்ஸையே இயக்குகின்றன. தேவைக்கேற்பத் திருத்திக்கொள்ளும் உரிமை அவற்றுக்குப் பெரிது. அவ்வாறிருக்க, விலையின்றிக் கிடைப்பதைப் பிற வணிகர் ஏன் மறுக்கின்றனர்? அறியாமையே காரணம் என்பாரை நாம் ஒப்பவில்லை. வணிகர் பொருளை மட்டும் வாங்குவதில்லை. பழுதுற்றால் பொறுப்பேற்பவர் யார் என்னும் உறுதியையும் சேர்த்தே வாங்குகின்றனர். நம் கடைகளின் கணக்கர் பழகிய டாலியோ விண்டோஸுக்கென எழுதப்பட்டது. இவையெல்லாம் நியாயமான தயக்கங்களே. ஆனால், எடைக்கல்லில் குன்றிமணியும் குறையாது நிறுப்பவர், வட்டிக்கு அஞ்சி ஒதுங்குபவர், அதே கடையில் விண்டோஸின் திருட்டுப் படியைத் தயக்கமின்றி நிறுவிக்கொள்கிறாரே, அதனை என்னென்பது? ஹலாலானது இலவசமாகவே கிடைக்கும்போது!

ரெட் ஹாட் என்னும் அமெரிக்க நிறுவனம் வணிகரின் அச்சத்தை நன்கு உணர்ந்தது. பொதுவான லினக்ஸையே செப்பனிட்டுத் தந்து, பராமரிப்புக்கும் பொறுப்புக்கும் ஆண்டுக் கட்டணம் பெற்றது. 2019-இல் ஐ.பி.எம். அதனை 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. பொறுப்பின் விலை அத்துணை!

எனினும், கட்டணம் செலுத்தியதோடு கடமை தீர்ந்ததா? பொதுக் கிணற்றில் நீர் இறைப்பவர் தூர்வாருவதிலும் பங்குகொள்ள வேண்டாவா? 2014-இல் ஓபன் எஸ்.எஸ்.எல். என்னும் பொது மென்பொருளில் 'ஹார்ட்பிளீட்' என்ற பெரும்பிழை வெளிப்பட்டது. லினக்ஸ் சர்வர்களில் இணையச் செய்திகளைப் பிறர் படியாதவாறு காப்பது அதுவே. உலகின் செல்வமிகு நிறுவனங்கள் நம்பியிருந்த அதற்கு ஆண்டுதோறும் கிட்டிய நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர்தான். முழுநேரமும் அதற்கென உழைத்தவர் ஒருவரே. அடைக்கலப் பொருளைக் காக்க ஆளின்றி விட்டது போன்ற செயல் இது என்போம்.

பிழை வெளிப்பட்ட அம்மாதத்திலேயே, லினக்ஸ் ஃபவுண்டேஷன் திரட்டிய பராமரிப்பு நிதிக்குப் பொருள் தரப் பெருநிறுவனங்கள் பல முன்வந்தன. அவற்றுள் மைக்ரோசாஃப்டும் ஒன்று. 2001-இல் லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டவர் அந்நிறுவனத்தின் அன்றைய தலைவரே.