பகிர்தலும் பரப்புதலும்

பகிர்ந்துகொள்ளும் பொருள்கள் இருவகைப்படும். ஒரு பிடி சோற்றை இருவர் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொருவர்க்கும் அரைப் பிடியே கிட்டும். விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றிக்கொண்டாலோ முதல் விளக்கின் சுடர் குறைவதில்லை. பாட்டு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நான் விரும்பும் பாட்டை நீங்களும் கேட்பதால் எனக்கு ஒரு சுரமும் குறைந்துவிடாது. அவ்வாறாயின், பாட்டைப் பகிர்வதில் அறம் பற்றிய வினா எங்கிருந்து எழுகிறது? கொடுப்பவர்க்கு இழப்பே இல்லாத இடத்தில் கொடை என்னும் சொல்லுக்குத்தான் பொருள் யாது?

இவ்வினாவை ஆராய்வதற்கு, என் போன்ற முதியோர்க்குச் சற்றுத் தொலைவான ஓர் இசையை எடுத்துக்கொள்கிறேன். நம் பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் இசைகளுள் 'மாற்று ராக்' என்பது ஒன்று. 1980-களில் அமெரிக்காவில், பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் பார்வைக்கு அப்பால், சிறு நிறுவனங்களும் கல்லூரி வானொலி நிலையங்களும் பேணி வளர்த்த இசை அது. தொடக்கத்தில் அதன் அன்பர்கள் சிலரே. தாம் விரும்பிய பாட்டுகளை நண்பர்க்குத் தரவேண்டுமாயின், வெற்றுக் காசெட் ஒன்றை வாங்கி, பாட்டுகளைத் தேர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பதிந்து, அட்டையில் பெயர்களைக் கையால் எழுதித் தருவார்கள். 90 நிமிடக் காசெட்டை நிரப்புவதற்கு 90 நிமிடமேனும் அருகில் அமர்ந்திருக்க வேண்டும். யாருக்காக இதைச் செய்கிறோம் என்னும் நினைவும் அவ்வளவு நேரம் உள்ளத்தில் நின்றிருக்கும்.

1981-இல் எம்.டி.வி. என்னும் இசைத் தொலைக்காட்சி தொடங்கியது. பாட்டோடு படமும் பெருகியது. 2005-இல் யூடியூப் வந்தது. இன்று ஒரு விரல் தொட்ட அளவில் பாட்டும் படமும் இருநூறு பேரைச் சென்றடைகின்றன. வசதி பெருகியதில் தவறில்லை. ஆனால், அனுப்பியவர் அந்த இருநூறு பேருள் ஒருவரையேனும் நினைத்து அனுப்பினாரா? முகம் அறிந்து தருவதைப் பகிர்தல் என்றும், முகம் அறியாமல் விடுப்பதைப் பரப்புதல் என்றும் பிரித்துப் பார்ப்பது நலம். இரண்டுக்கும் இடையிலுள்ள வேற்றுமையை அவ்விசையின் வரலாறே நன்கு காட்டுகிறது.

'நிர்வாணா' என்னும் மூவர் குழு 1991 செப்டம்பரில் 'நெவர்மைண்ட்' என்னும் தொகுப்பை வெளியிட்டது. ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் நிகழ்வதாக அமைந்த அதன் பாட்டுப்படம் தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பாயிற்று. 1992 சனவரியில் அத்தொகுப்பு மைக்கேல் ஜாக்சனின் தொகுப்பையே பின்தள்ளி, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. முன்பே அக்குழுவை அறிந்திருந்த அன்பர்கள் மகிழ்ந்திருக்க வேண்டும். பலர் மகிழவில்லை. நேற்றுவரை நமக்கு மட்டும் உரியதாய் இருந்ததை இன்று எல்லாரும் பாடுகிறார்களே என்று புழுங்கினர். தமக்கு இன்பம் தந்த கல்வி உலகத்தார்க்கும் இன்பம் தரக் கண்டால், கற்றவர்க்கு அதன்மேல் விருப்பம் மிகுமே அன்றிக் குறையாது என்பது வள்ளுவர் கருத்து. அந்த அளவுகோலால் அளந்தால், அவ்வன்பர்கள் விரும்பியது பாட்டை அன்று. பாட்டை அறிந்தவர் தாமே என்னும் பெருமையைத்தான்.

அக்குழுவின் பாடகர் கர்ட் கோபேன் கொண்ட வருத்தமோ வேறு வகையானது. ஒரு பெண் கடத்தப்பட்டு வதைக்கப்பட்டதைச் சொல்லும் அவருடைய பாட்டைப் பாடிக்கொண்டே, இருவர் ஒரு பெண்ணை வன்கொடுமைக்கு ஆளாக்கினர். 1992 இறுதியில் வெளிவந்த மற்றொரு தொகுப்பின் குறிப்பில் அவர் இதனை எழுதினார். பெண்களையும் வேற்று நிறத்தவரையும் ஒருபால் விருப்பினரையும் வெறுப்பவர்கள் தம் குழுவை விட்டு விலகிவிடுமாறு கேட்டுக்கொண்டார். கொடுமையைக் கண்டிக்கப் பிறந்த பாட்டு கொடியவர் வாயில் களிப்புப் பாட்டாயிற்று. அன்பர்களின் புழுக்கம் உடைமை பற்றியது. ஆக்கியவரின் வருத்தம் பொருள் பற்றியது. முன்னது சிறுமை. பின்னதை நாம் மதிக்க வேண்டும்.

அதே 1991-இல் முதல் தொகுப்பை வெளியிட்ட 'பெர்ல் ஜாம்' குழுவுக்கும் இத்தகைய துன்பம் நேர்ந்தது. வகுப்பறையில் தன் உயிரை மாய்த்துக்கொண்ட ஒரு மாணவனைப் பற்றிய நாளிதழ்ச் செய்தியிலிருந்து பிறந்தது அவர்களுடைய 'ஜெரமி' என்னும் பாட்டு. 1992-இல் அதற்குப் படம் எடுத்தனர். தொலைக்காட்சி விதிகளுக்காக இறுதிக் காட்சியின் ஒரு பகுதி நீக்கப்பட்டது. விளைவு யாது? அச்சிறுவன் உடன்பயின்றோரைக் கொன்றான் என்று பார்த்தவர் பலர் பிழையாகக் கருதினர். இரங்கத்தக்கவன் கொலைகாரன் ஆகிவிட்டான். குறைத்துப் பரப்பும்போது உண்மை தலைகீழாகிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? அப்படத்துக்கு 1993-இல் விருதுகள் வந்தன. எனினும் அக்குழுவினர் 1998 வரை வேறு பாட்டுப்படம் எடுக்கவில்லை. 'பிளாக்' என்னும் மற்றொரு பாட்டைத் தனித்தட்டாக வெளியிட நிறுவனம் விரும்பியபோதும், அது உள்ளத்துக்கு மிக நெருங்கியது என்று மறுத்துவிட்டனர். அவர்கள் அதை மறைத்துவைக்கவில்லை. தொகுப்பில் அது இருந்தது. நாடி வருவோர்க்கு வாயில் திறந்தே இருந்தது. தெருவில் நின்று கூவி விற்பதற்கு மட்டும் அவர்கள் இசையவில்லை.

ஆக்கியவர்க்கு உரிய பயனை மறுத்துவிட்டுப் பகிர்வது ஈகை ஆகாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2007 அக்டோபரில் 'ரேடியோஹெட்' என்னும் ஆங்கிலேயக் குழு தன் புதிய தொகுப்பைத் தானே இணையத்தில் தந்து, விலையைக் கேட்பவரே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டது. ஒன்றும் தராமலும் பெறலாம். விலையைச் சட்டத்திலிருந்து எடுத்து மனச்சான்றிடம் ஒப்படைத்த செயல் அது.

இதுகாறும் கொடுப்போர் கடமையைப் பேசினோம். பெறுவோர்க்கும் ஒரு கடமை உண்டு. அதை நான் கற்றது நூல்களிலிருந்து அன்று, என் தவற்றிலிருந்து.

புனேயில் விடுதியில் தங்கிப் பொறியியல் படித்துவந்த என் தங்கை மகன், ஒருநாள் இரவு, தில்லியில் இருந்த எனக்குக் கைப்பேசியில் ஒரு பாட்டுப்படத்தை அனுப்பினான். ஆர்.இ.எம். என்னும் அமெரிக்கக் குழு 1992-இல் வெளியிட்ட தொகுப்பில் உள்ள 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' என்னும் பாட்டு அது. துன்பம் எல்லார்க்கும் பொது, துணிவை விட்டுவிடாதே என்று இளைஞர்க்குச் சொல்லும் பாட்டு; எளிமை வேண்டியே எளிமையாக எழுதப்பட்டது. இவையெல்லாம் பின்னர் நான் அறிந்தவை. அன்று நான் அதைக் கேட்கவில்லை. மறுநாள் அவன், "கேட்டீங்களா மாமா?" என்று எழுதினான். "கேட்டேன், நன்றாக இருந்தது" என்று பதில் எழுதினேன். மிகச் சிறிய பொய். யாருக்கும் கேடில்லை என்று எண்ணினேன்.

அவன் மீண்டும் எழுதினான்: "கடைசியில் எல்லாரும் இறங்கி நடக்கிறார்களே, அது சரிதானா மாமா?" எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விடை எழுதாமல் விட்டுவிட்டேன். நான்கு நாள் கழித்துத் தங்கை தொலைபேசியில் அழுதாள். பையன் தேர்வு எழுதாமல் வீடு திரும்பிவிட்டான், யாரோடும் பேசவில்லை.

அன்றிரவுதான் அப்படத்தைப் பார்த்தேன். நெடுஞ்சாலை ஒன்றில் வண்டிகள் நெருக்கியடித்து, நகர வழியின்றி நிற்கின்றன. உள்ளே இருப்போரின் எண்ணங்கள் எழுத்துகளாகத் திரையில் தோன்றுகின்றன. முடிவில் எல்லாரும் வண்டிகளை விட்டு இறங்கி நடந்து செல்கின்றனர். அவன் எனக்கு அனுப்பியது பாட்டு அன்று, ஒரு வினா. தனக்கு ஒவ்வாத படிப்பில் அடைபட்டிருந்த பிள்ளை, இறங்கி நடக்கலாமா என்று மாமனைக் கேட்டிருக்கிறான். பெற்றோரிடம் கேட்க அஞ்சியதை வேற்று நாட்டார் பாட்டின் வாயிலாகக் கேட்டிருக்கிறான். நானோ கேளாமலே 'நன்று' என்றேன்.

மறுவாரம் ஊருக்குப் போய் அவனுடன் அமர்ந்தேன். "நான் அன்று அந்தப் பாட்டைக் கேட்கவில்லையப்பா, பொய் சொன்னேன்" என்றேன். சற்று நேரம் கழித்து, "இப்போது கேட்கலாமா மாமா?" என்றான். இருவரும் சேர்ந்து கேட்டோம். அதன் பிறகே அவன் பேசத் தொடங்கினான். இன்று அவன் வேறு படிப்பு படிக்கிறான்; ஆயினும் அன்று நான் விடை தராமல் விட்ட நான்கு நாள்களை எனக்கு யாரும் திருப்பித் தர இயலாது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். பாட்டைக் கொடுப்பதில் இழப்பு இல்லை என்றேன். அது முழு உண்மை அன்று. ஒருவரை நினைத்துத் தெரிவு செய்யும் பொழுது, இதை ஏன் விரும்புகிறேன் என்று உள்ளத்தைத் திறந்துகாட்டும் துணிவு, பெறுபவர் செவிசாய்த்துக் கேட்கும் பொழுது ஆகியவை செலவாகின்றன. அச்செலவு உள்ள இடத்தில்தான் பகிர்தல் என்னும் சொல் பொருந்தும். இருநூறு பேருக்கு அனுப்புவதை யாரும் தடுக்கவேண்டியதில்லை. ஆனால், நமக்கென ஒருவர் ஒரு பாட்டை அனுப்பினால், கேட்ட பிறகே கேட்டேன் என்று சொல்வோமாக.