வளரும் அலமாரியும் வரையறுத்த வாழ்வும்

இல்லறத்தார்க்கு ஓதப்பட்ட அணுவிரதங்கள் ஐந்து. அவற்றுள் முதல் நான்கையும் மீறுவோர்க்கு மீறிய அக்கணமே அது தெரிந்துவிடும். கொன்றவர், பொய்த்தவர், களவு செய்தவர், பிறனில் விழைந்தவர் ஆகியோரை அவரவர் நெஞ்சமே உறுத்தும். ஐந்தாவதாகிய பொருள் வரைதல் அத்தகையதன்று. அஃது ஓசையின்றி மீறப்படுவது. சென்ற திங்கள் ஒரு சேலை, இந்தத் திங்கள் ஒரு போர்வை, பண்டிகைக்கு நான்கு சட்டைகள் என வந்து சேருங்கால், எந்த நாளில் எல்லையைக் கடந்தோம் என்று எவராலும் சுட்டிக் கூற இயலாது. ஆகவே இவ்விரதத்தைப் பற்றிச் சிந்திக்க விரும்புவோர் நூலகத்திற்குச் செல்லுமுன் தம் படுக்கையறைக்குச் சென்று அங்குள்ள அலமாரியைத் திறந்து பார்ப்பது நன்று.

இன்று அந்த அலமாரியும் புது வடிவம் கொண்டுள்ளது. பகுதி பகுதியாகச் செய்து, வேண்டும்போது பக்கவாட்டிலும் மேற்புறத்திலும் சேர்த்துக்கொள்ளத்தக்கதாக அஃது அமைகிறது. கடைகளில் இதனை மாடுலர் அலமாரி என்கின்றனர். பொருள் மிகுந்தால் அலமாரி வளரும், பிறகென்ன கவலை? இக்கேள்வியே நம் கட்டுரைக்குப் பொருள். இடம் போதாதபோது இடத்தை வளர்ப்பதா, பொருளைக் குறைப்பதா?

கொடி முதல் பீரோ வரை

தென்காசி வட்டாரத்துப் பழைய வீடுகளைக் கண்டோர் அறிவர். அன்றாடத் துணிக்கு ஒரு கயிற்றுக் கொடி, நல்ல துணிக்கு ஒரு மரப்பெட்டி, சுவரின் கனத்திலேயே குடைந்து கதவிட்ட ஓர் அலமாரி, எப்போதேனும் எடுப்பனவற்றிற்குப் பரண்; அவ்வளவே. அலமாரி என்னும் சொல்லே போர்த்துக்கீசியரோடு நம் நாட்டிற்கு வந்தது. பின்னர் இரும்புப் பீரோ வந்தது. கோத்ரெஜ் நிறுவனம் 1923-ஆம் ஆண்டில் இரும்பு அலமாரிகளைச் செய்யத் தொடங்கிற்று. நாளடைவில் எவர் செய்த பீரோவையும் அப்பெயராலேயே அழைக்கும் வழக்கம் வீடுகளில் ஏற்பட்டது.

இவை அனைத்திற்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. இவற்றுள் எதுவும் வளராது. பெட்டி நிறைந்தால் மூடாது. பீரோ நிறைந்தால் கதவு சாத்தாது. சாத்தாத கதவு ஓர் ஆசிரியரைப் போன்றது. 'போதும், இனி ஒன்றை வைக்க வேண்டுமாயின் ஒன்றை எடு' என்று அது கற்பித்தது. விரதம் ஏற்காதவரும் அந்தக் கதவின் பொருட்டேனும் ஓர் அளவிற்குள் வாழ்ந்தனர்.

புதிய அலமாரியின் அமைப்பு வேறு. அதன் பக்கப் பலகைகளில் 32 மில்லிமீட்டருக்கு ஒன்றாக வரிசையாகத் துளைகள் இடப்பெற்றிருக்கும். உலகின் பல நாடுகளிலும் ஏற்கப்பட்ட அளவு இது. அத்துளைகளில் சிறு முளைகளைச் செருகித் தட்டுகளை வேண்டிய உயரத்தில் அமைக்கலாம். இழுப்பறையை எடுத்துவிட்டுத் துணி தொங்கவிடும் கம்பியைப் பொருத்தலாம். பக்கத்தில் மற்றொரு கூட்டை நிறுத்தித் திருகாணியால் இணைக்கலாம்.

புதுமையின் நற்பண்புகள்

புதியது என்பதனாலேயே ஒன்றைப் பழிப்பது அறமன்று. இவ்வகை அலமாரிக்குச் சிறந்த பண்புகள் உண்டு. குழந்தையின் சிறு துணிகளுக்கு நெருங்கிய தட்டுகளாகவும், அக்குழந்தை வளர்ந்தபின் இடைவெளி மிக்க தட்டுகளாகவும் அதே மரம் பயன்படுகிறது. முழு அலமாரியையும் எறிந்துவிட்டு வேறொன்று வாங்கவேண்டியதில்லை. உடைந்த பலகையை மட்டும் மாற்றலாம். வீடு மாறுங்கால் கழற்றிக் கொண்டுசெல்லலாம். செங்கோட்டைச் சாலையில் மரம் அறுக்கும் ஆலைகளைக் கடந்து செல்லும்போது அங்கே கிடத்தப்பட்டிருக்கும் அடிமரங்களைக் காண்போர்க்கு, ஒரு பலகை மிச்சப்படுவதும் உயிர்ப்பரிவே என்பது விளங்கும்.

ஆகவே குறை அலமாரியில் இல்லை. அதனை நாம் எத்திசையில் பயன்படுத்துகிறோம் என்பதில் உள்ளது. கூட்டவும் குறைக்கவும் செய்யப்பட்ட பொருள் அது. நாமோ கூட்ட மட்டுமே அறிவோம். இணைத்த கூட்டினைப் பின்னொரு நாள் கழற்றி, தேவைப்பட்டார்க்குக் கொடுத்த குடும்பங்களை நாம் மிக அரிதாகவே கண்டிருக்கிறோம்.

இடைச்சுவரை இடித்தவர்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் கூர்ச்சர நாட்டில் விளங்கிய சுவேதாம்பர ஆசாரியர் ஹேமசந்திரர், தம் யோகசாஸ்திரத்தில் பொருள் வரைதல் விரதத்தின் மீறல்களை ஆராய்கிறார். அங்கே மனித மனத்தின் தந்திரங்கள் வெளிப்படுகின்றன. ஒரே வீடு போதும் என்று வரையறை செய்துகொண்ட ஒருவர் அடுத்த வீட்டையும் வாங்குகிறார். விரதம் குலையுமே என்று அஞ்சி, இரண்டிற்கும் நடுவேயுள்ள சுவரை இடித்துவிடுகிறார். இப்போது எண்ணினால் வீடு ஒன்றுதான். மற்றொருவர் பாத்திரங்களின் எண்ணிக்கையை வரையறுத்தவர். அவை மிகுந்தபோது சிறியவற்றை உருக்கிப் பெரியனவாகச் செய்து எண்ணிக்கையைக் காப்பாற்றிக்கொள்கிறார். இரண்டும் விரதத்தின் அதிசாரமே என்பது ஆசாரியர் கருத்து. எண் நிலைத்தது, எல்லை நகர்ந்துவிட்டது.

வளரும் அலமாரியின் அறச்சிக்கலை இதனினும் தெளிவாக உரைக்க இயலாது. 'எங்கள் அறையில் ஓர் அலமாரிதான்' என்று நாம் சொல்லுகிறோம். உண்மைதான், இரண்டு கதவுடன் வந்தது இன்று ஆறு கதவுடன் நிற்கிறது, ஆயினும் ஒன்றே. இரண்டாவது பீரோ வாங்கியிருந்தால் ஒருமுறையேனும் தயங்கியிருப்போம். சிறிது சிறிதாகச் சேர்த்தமையால் தயங்கும் தருணமே வாய்க்கவில்லை.

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் பரிக்கிரகம் என்பதற்குப் பொருள்களின் தொகையை இலக்கணமாகக் கூறவில்லை. மூர்ச்சை, அதாவது தன்னை மறந்த பற்று, என்றே கூறினார். சமந்தபத்திரர் இவ்விரதத்திற்கு இச்சா பரிமாணம், ஆசைக்கு அளவிடுதல், என்னும் மறுபெயரையும் தந்தார். அவர் சுட்டும் அதிசாரங்களுள் அளவுகடந்து சேர்த்தல் ஒன்று. பிறர் செல்வத்தைக் கண்டு வியத்தல் மற்றொன்று. அண்டை வீட்டுப் புதுமனை புகுவிழாவிற்குச் சென்று, சுவரளாவிய அலமாரியைக் கண்டு திரும்பிய அன்றிரவே நம் அலமாரி சிறியதாகத் தோன்றுவது ஏன் என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

எவருடைய இடம்?

சிறு கணக்கொன்று இடுவோம். பத்தடிக்குப் பத்தடி அறையின் பரப்பு 100 சதுர அடி. துணிகளைத் தொங்கவிடும் அலமாரிக்கு ஏறத்தாழ 2 அடி ஆழம் வேண்டும். ஒரு சுவர் முழுவதும் அது நின்றால் கொள்ளும் தரை 20 சதுர அடி. ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உடைய ஒருவர் கட்டில் கொள்ளும் தரை 18 சதுர அடி. சுவரளாவ வளர்ந்த அலமாரி ஒரு மனிதர் படுக்கும் இடத்தை எடுத்துக்கொள்கிறது என்பதே இக்கணக்கின் பொருள்.

இது வெறுங்கணக்கன்று. நாம் நன்கறிந்த ஓர் இல்லத்தில் அலமாரிக்கு மூன்றாவது கூடு சேர்க்கப்பட்டபோது, அவ்வறையில் இருந்த முதியவளின் கட்டில் கூடத்திற்கு வந்தது. எவரும் அவளைக் கடிந்து ஒரு சொல் கூறவில்லை. 'அம்மாவிற்குக் கூடத்தில் காற்று வரும்' என்றே சொன்னார்கள். பகலெல்லாம் வருவோர் போவோர் நடுவே அவள் சாய்ந்துகொள்ளவும் கூசி உட்கார்ந்திருப்பாள். உள்ளே, ஆண்டிற்கொருமுறையும் உடுத்தப்படாத துணிகள் கதவடைத்த தனிமையில் உறங்கின. ஆசையின் வளர்ச்சி யாரையும் துன்புறுத்தவில்லை என்று எண்ணுவோர் இதனைக் கருதுதல் வேண்டும்.

கழுகுமலையில் நம் முன்னோர் பாறையில் வடித்த தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தரிசிக்கச் செல்வோர், பாண்டிநாட்டுக் குன்றுகள் பலவற்றில் முனிவர்கள் துயின்ற கற்படுக்கைகளையும் கண்டிருப்பர். தலைமாட்டில் சிறிது உயர்த்திய கல்லே தலையணை. பொருள் வைக்கும் மாடம் ஒன்றும் அங்கில்லை. இல்லறத்தார் அவ்வாறு வாழவேண்டுமென எந்நூலும் விதிக்கவில்லை. எனினும் படுக்கும் அறை முதலில் படுப்பவர்க்கே உரியது என்பதை அக்கற்கள் உணர்த்துகின்றன.

சாரல் கற்பிக்கும் பாடம்

ஆனி, ஆடித் திங்கள்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்று குற்றாலத்தையும் தென்காசியையும் சாரலால் நனைக்கிறது. அருவியாட வருவோர்க்கு அஃது இன்பம். அடைத்து வைத்த துணிக்கு அஃது ஈரம். திறவாத தட்டுகளில் பூஞ்சணம் பூக்கும். அந்தும் இராமபாணப் பூச்சியும் குடியேறும். மரத்துகள் பலகை நீர் ஊறினால் உப்பும். உடனே நாம் அந்துருண்டை வாங்கி வைக்கிறோம், மருந்து தெளிக்கிறோம். எறும்பையும் விலக்கி நடக்கக் கற்ற குலத்தவர், தாமே சேர்த்த பொருளால் உயிர்கள் தோன்ற இடமளித்து, பின் தாமே நஞ்சிடுகிறோம். மிகுபொருள் விருப்பம் கொல்லாமையையும் குலைப்பது இவ்வாறுதான்.

துறவியர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஆதான நிட்சேபணம் ஒன்று. எதனை எடுத்தாலும் வைத்தாலும் உயிர்க்கு ஊறு நேராவண்ணம் நோக்கி, மயிற்பீலியால் மெல்ல நீக்கி, எடுத்து வைத்தல் அதன் பொருள். இல்லறத்தார்க்கு அத்துணை நுட்பம் இயலாது. ஆனால் அதிலிருந்து ஓர் அளவுகோலை நாம் பெறலாம். வைகாசி வெயிலில் ஒரே பகலில் எடுத்து, உதறி, உலர்த்தி, மீண்டும் மடித்து வைக்க இயலும் அளவே நாம் காக்கவல்ல அளவு. அதற்கு மேற்பட்டது நம் உடைமையன்று, நம்மை உடைமையாக்கிக்கொண்டது.

தேவை மாறுமே எனின்

'திருமணமாகிறது, குழந்தை பிறக்கிறது, ஊரிலிருந்து பெற்றோர் வந்து சேர்கின்றனர். தேவை மாறும்போது அளவும் மாறவேண்டாமா?' என்று வினவலாம். நியாயமான வினா. மாறாத அளவை அறநூல்களும் விதிக்கவில்லை. நுகர்பொருள்களுக்கு எல்லை வகுக்கும் போகோபபோக பரிமாணத்தில், வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பதனை யமம் என்றும், காலம் குறித்து ஏற்பதனை நியமம் என்றும் சமந்தபத்திரர் பிரித்தார். ஒரு நாள், ஓர் இரவு, ஒரு பக்கம், ஒரு திங்கள், ஒரு பருவம், ஓர் அயனம் என நியமத்திற்கு அவர் காலமும் குறித்தார். அவ்வாறு வரையறை செய்யத்தக்கவற்றுள் ஆடையும் அணியும் உண்டு.

இதன் நுட்பத்தைக் கருதுக. அளவு மாறலாம், ஆனால் மாற்றம் தவணை முடிவில், அறிந்து, எண்ணிப் பார்த்துச் செய்யப்பட வேண்டும். ஆசை எழுந்த மாலையில் அன்று. நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் பள்ளியின் இருப்புப் பதிவேட்டை எழுதும் முறையையும் கற்றோம். துணைக்கருவிகள், வரைபடங்கள், நாற்காலிகள் யாவும் ஆண்டிற்கொருமுறை எண்ணிச் சரிபார்க்கப்படும். பயனற்றவை குறிக்கப்பட்டு நீக்கப்படும். அதன்பின்னரே புதியன கேட்கலாம். பள்ளி அலமாரிக்கு உள்ள ஒழுங்கு வீட்டு அலமாரிக்கு ஏன் கூடாது?

ஆண்டிற்கு இருமுறை, தையிலும், சாரலுக்கு முன் வைகாசியிலும், வீட்டார் அனைவரும் கூடி அலமாரியை முழுவதும் வெளியில் எடுப்போமாக. சென்ற ஆண்டு முழுவதும் தொடாதவற்றைத் தனியே வைப்போமாக. மணநாள் சேலை, மறைந்தோர் நினைவாகக் காக்கும் ஒரு துணி ஆகியவற்றிற்கு ஒரு தட்டு ஒதுக்கலாம்; நினைவிற்கு ஒரு தட்டுப் போதும். எஞ்சியவற்றைக் கிழியுமுன், நிறம் மங்குமுன், பிறர் மகிழ்ந்து உடுத்தத்தக்க நிலையிலேயே கொடுத்தல் வேண்டும். உதவாததைக் கொடுத்தல் தானமாகாது. இவ்வளவும் செய்தபின் இடம் போதவில்லையாயின், அலமாரிக்கு ஒரு கூடு சேர்ப்பதில் குற்றமில்லை. ஆள் கூடினால் தட்டுக் கூடலாம். ஆசை கூடினால் கூடலாகாது. மகள் மணமாகிச் செல்லும்போது அவளுக்கெனச் சேர்த்த கூடும் உடன் செல்லட்டும், அன்றேல் தேவைப்படுவோர் வீட்டிற்குச் செல்லட்டும். அப்போதுதான் அந்தத் துளைகளும் திருகாணிகளும் தாம் படைக்கப்பட்ட பயனை முழுமையாக எய்தும்.

குற்றாலப் பேரருவியில் ஒரு பாதுகாப்பு வளைவு உண்டு. வெள்ளம் அதனைத் தாண்டி விழுந்தால் குளிப்பதற்குத் தடை விதிப்பர். நீர் பெருகுகிறதே என்று அவ்வளைவை எவரும் உயர்த்திக் கட்டுவதில்லை. நீர் வடியும்வரை காத்திருப்பர். ஆசை பெருகும் நாளில் அலமாரியின் பக்கவாட்டை அளக்க முற்படுவோரும் அங்ஙனம் ஓர் அயனம் காத்திருந்தால், பெரும்பாலான தேவைகள் தாமே வடிந்துவிடுவதைக் காண்பர்.

சமந்தபத்திரர் இல்லறத்தார்க்கு இயற்றிய நூலுக்கு இரத்தின கரண்டகம் எனப் பெயர். அதன் வழியில் தமிழில் எழுந்தது அருங்கலச்செப்பு. கரண்டகமும் செப்பும் சிறு பேழையையே குறிக்கும். நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளை வைக்க ஒரு சிறு பேழையே போதுமென நம் ஆசாரியர்கள் கருதினர். அளவறிந்து வைத்து, அளவறிந்து கொடுத்து, இருக்கும் இடத்தில் முதலில் மனிதர்க்கு இடமளித்து வாழ முயல்வோமாக.